பி.ஜி.டபிள்யூ.பி. முடிகிறது, பி.ஆர். இன்னும் வரவில்லை: கனடாவில் வேலையை விடாமல் இருப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஒன்டாரியோவில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு பி.ஜி.டபிள்யூ.பி. எனப்படும் போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட்டில் வேலை பார்ப்பவர். பெர்மிட் முடிய நான்கு மாதம் இருக்கிறது. பி.ஆர். எனப்படும் நிரந்தரவாச உரிமைக்கு ஆட்களைப் புள்ளி பார்த்துத் தேர்வு செய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ப்ரொஃபைல் போட்டாகிவிட்டது. பி.ஆர். கைக்கு வரும்வரை ஒரு நாள்கூட நிற்காமல் வேலை செய்ய வழி உண்டா?

உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி ப்ரொஃபைலை நம்பி அல்ல. ப்ரொஃபைல் என்பது வரிசையில் பெயர் கொடுத்து வைப்பது மட்டும்தான். அதனால் கனடாவில் தங்கும் உரிமையும் வராது, வேலை செய்யும் உரிமையும் வராது. பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் ஐ.டி.ஏ. என்கிற அழைப்பு வந்தாலும் அதே நிலைதான். "இன்விடேஷன் வந்துவிட்டது, இனி கவலையில்லை" என்று பெர்மிட் தேதியைத் தாண்டி வேலை செய்தவர்களுக்குச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு நாளும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: இன்று நான் எந்தத் தாளின் பேரில் வேலை செய்கிறேன்? அதற்குத் தேதியோடு பதில் சொல்ல முடியாத நாளில் வேலைக்குப் போகக் கூடாது.

உங்களுக்குப் பின்னால் வருபவர்களும் படிப்பார்கள் என்பதால், முதலில் படிப்பு முடிகிற இடத்திலிருந்து சொல்கிறேன். முதல் ஓட்டை விழுவது அங்கேதான்.

ஸ்டடி பெர்மிட்டை எடுத்து அதன் கீழ்ப்பகுதியைப் படியுங்கள். குடியேற்ற விதிகளின் 186ஆம் பிரிவில் எஃப், வி, டபிள்யூ என்ற உட்பிரிவுகளின்படி தகுதி இருந்தால் வேலை செய்யலாம், அந்தத் தகுதி போன அன்றே வேலையை நிறுத்த வேண்டும் என்று அங்கே அச்சிட்டிருக்கும். வி என்பது படிக்கும்போது கல்லூரிக்கு வெளியே செய்யும் வேலை. 2024 நவம்பர் 8 முதல் வாரத்துக்கு 24 மணி நேரம். டபிள்யூ என்பது படிப்பு முடிந்து, பி.ஜி.டபிள்யூ.பி.க்கு விண்ணப்பித்து, பதிலுக்குக் காத்திருக்கும்போது செய்யும் முழுநேர வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாளே நாற்பது மணி நேர ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார்கள். செமஸ்டர் விடுமுறையில் முழுநேரம் செய்யலாமே என்பது அவர்கள் கணக்கு. விடுமுறை என்றால் அதற்குப் பின் இன்னொரு செமஸ்டர் இருக்க வேண்டும். கடைசி செமஸ்டருக்குப் பின் வருவது விடுமுறை ஆகாது. படிப்பு முடிந்ததாகக் கல்லூரி எழுத்தில் சொன்ன பிறகு, பி.ஜி.டபிள்யூ.பி. விண்ணப்பம் போடும்வரை, வெளியே எந்த வேலையும் கூடாது. கடிதம் வந்த அன்றே விண்ணப்பம் போட்டால் அன்றிலிருந்து முழுநேரம் செய்யலாம்.

தேதிகளை ஒரு உதாரணமாக வைத்துப் பார்த்தால் தெளிவாகும். படிப்பு முடிந்ததற்கான கடிதம் 2026 ஏப்ரல் 30 அன்று வருகிறது. ஸ்டடி பெர்மிட்டில் ஆகஸ்ட் 31 என்று இருக்கிறது. பி.ஜி.டபிள்யூ.பி.க்கு 180 நாள் அவகாசம் என்பதால் அக்டோபர் 27 வரை விண்ணப்பிக்கலாம். ஆனால் படிப்பு முடிந்த 90ஆவது நாளில், அதாவது ஜூலை 29 அன்று, ஸ்டடி பெர்மிட் தானாகவே செல்லாமல் போகும். தாளில் ஆகஸ்ட் 31 என்று அச்சாகியிருப்பதால் ஒரு பயனும் இல்லை. ஆக, காத்திருக்கும் காலத்தில் வேலை செய்ய வேண்டுமானால் கெடு ஜூலை 29தான். அதற்குப் பிறகு போட்டால் ஸ்டேட்டஸும் (சட்டப்படி தங்கும் உரிமை) போயிருக்கும், வேலையும் செய்ய முடியாது. பட்டமளிப்பு விழாத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எண்ண வேண்டியது முதலில் வந்த எழுத்துபூர்வமான அறிவிப்பிலிருந்து. கடிதமோ, டிரான்ஸ்கிரிப்டோ, எது முந்தியதோ அது.

பாஸ்போர்ட்டையும் அப்போதே பாருங்கள். இரண்டு வருடப் படிப்புக்கு மூன்று வருடப் பெர்மிட் தகுதி இருந்தாலும், பாஸ்போர்ட் பதினான்கு மாதத்தில் முடிந்தால் பெர்மிட்டும் பதினான்கு மாதம்தான் கிடைக்கும். பி.ஜி.டபிள்யூ.பி. வாழ்நாளில் ஒரு தடவைதான். இரண்டாவது கிடையாது. ஆனால் பாஸ்போர்ட்டால் குறைந்த காலத்தை மட்டும், புதிய பாஸ்போர்ட் எடுத்துவிட்டு நீட்டித்துக் கேட்டு வாங்கலாம். கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும். உங்கள் பெர்மிட்டும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்திருந்தால், உங்கள் படிப்புக்கு எத்தனை வருடம் தகுதி என்பதையும் பழைய பாஸ்போர்ட் முடிந்த தேதியையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பிரச்சினையே அதோடு தீர்ந்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட் புதுப்பிப்பு பி.எல்.எஸ். என்கிற சேவை நிறுவனம் வழியாக. இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஒட்டாவா தூதரகம் அல்லது டொராண்டோ துணைத் தூதரகம் வழியாகக் கொழும்புக்குப் போய் வரவேண்டும் என்பதால் மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்குங்கள்.

ஒரு வருடப் படிப்புக்கு ஒரு வருடப் பெர்மிட் வாங்கியவர்களுக்குத்தான் நேரம் மிக நெருக்கடியானது. சி.இ.சி. என்கிற கனடா அனுபவப் பிரிவுக்குக் கடந்த மூன்று வருடத்துக்குள் 1,560 மணி நேர அனுபவம் வேண்டும். வாரம் 30 மணி நேரம் என்று 52 வாரம். அதற்கு மேல் செய்யும் ஓவர்டைம் கணக்கில் சேராது, அதனால் ஒன்பது மாதத்தில் முடித்துவிட முடியாது. வேலை, தொழில்களைத் தரம் பிரிக்கும் டீர் அளவில் 0 முதல் 3 வரையிலான வகையாக இருக்க வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது செய்தது சேராது, சுயதொழில் சேராது, அனுமதி இல்லாமல் செய்தது சேரவே சேராது. பன்னிரண்டு மாதப் பெர்மிட்டில் பன்னிரண்டு மாத அனுபவம் சேர்த்தால் அன்றோடு பெர்மிட் முடிந்துவிடுமே என்று கேட்பீர்கள். இங்கேதான் டபிள்யூ உட்பிரிவு கைகொடுக்கிறது. பி.ஜி.டபிள்யூ.பி.யின் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடாது, பெர்மிட் வழங்கிய நாளிலிருந்துதான் ஓடும். காத்திருந்த மாதங்களில் முறையாகச் செய்த முழுநேர வேலையும் அனுபவமாக எண்ணப்படும். விண்ணப்பித்ததற்கான உறுதிக் கடிதம், படிப்பு முடிந்த கடிதம், அந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகள் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் அதிகாரி அந்தக் காலத்தைக் கேட்டால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

இனி உங்கள் நான்கு மாதத்துக்கு வருவோம்.

உங்களுக்குத் தேவை பி.ஓ.டபிள்யூ.பி., அதாவது பிரிட்ஜிங் ஓப்பன் வொர்க் பெர்மிட். பி.ஆர். விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது, பழைய பெர்மிட்டுக்கும் பி.ஆருக்கும் நடுவே போடுகிற பாலம் அது. அதைக் கேட்க மூன்று விஷயம் வேண்டும். நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். செல்லுபடியாகும் வொர்க் பெர்மிட்டோ, அதைத் தொடரும் ஸ்டேட்டஸோ இருக்க வேண்டும் (ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்). பி.ஆர். விண்ணப்பத்தை முழுமையாகச் சமர்ப்பித்து ஏ.ஓ.ஆர். எனப்படும் ரசீதுக் கடிதம் கையில் இருக்க வேண்டும். இதில் மூன்றாவதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஐ.டி.ஏ. வந்தபின் பி.ஆர். விண்ணப்பம் போட 60 நாள் தருகிறார்கள். உங்களுக்கு அந்த 60 நாள் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமாவது இருந்திருந்தால் அந்த நாட்டின் போலீஸ் சான்றிதழ் தேவை, அது வர வாரங்கள் ஆகும். 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் முன்கூட்டியே முடித்து, சான்றை விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். கட்டணமும் தயாராக இருக்கட்டும் (2024 ஏப்ரல் 30 முதல் 1,525 டாலராக இருந்தது: 950 பரிசீலனைக் கட்டணம், 575 நிரந்தரவாச உரிமைக் கட்டணம்; தொகை அவ்வப்போது உயர்வதால் கட்டும் அன்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்). ஐ.டி.ஏ. வருவதற்கு முன்பே இவற்றைத் தொடங்கி வைத்தவர் ஒரே வாரத்தில் சமர்ப்பிக்கிறார். தொடங்காதவர் ஐம்பத்தெட்டாவது நாளில் சமர்ப்பிக்கிறார். அதற்குள் பெர்மிட் முடிந்திருக்கும்.

வேலை அனுபவக் கடிதத்தை அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், பதவி, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சலுகைகள், செய்யும் வேலைகளின் விவரம், கையெழுத்திடுபவரின் பதவியும் தொடர்பும் எல்லாம் இருக்க வேண்டும். "இவர் இங்கே வேலை செய்கிறார், நல்லவர்" என்று இரண்டு வரியில் வருகிற கடிதம் உதவாது. கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாடான என்.ஓ.சி. இணையப் பக்கத்தில் உள்ள வேலை விவரத்தை வரிக்கு வரி நகலெடுத்த கடிதமும் சந்தேகத்தைக் கிளப்பும். நீங்கள் உண்மையில் செய்வதை உங்கள் அலுவலகத்தின் சொற்களில் எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஏ.ஓ.ஆர். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விரைவாக வந்துவிடும். ஆனால் அதன் பிறகு யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து எல்லாத் தாளும் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம். பி.ஆர். கோப்பு திரும்பினால் அதன் மேல் கட்டிய பாலமும் விழும். பிரிட்ஜிங் பெர்மிட் நிராகரிப்பு என்று நாம் பார்ப்பது, பல நேரங்களில் உண்மையில் பி.ஆர். விண்ணப்பத்தில் ஒரு தாள் விடுபட்டதுதான்.

ஏ.ஓ.ஆர். வந்த வாரமே பிரிட்ஜிங் பெர்மிட்டைப் போட்டுவிடுங்கள். ஐ.எம்.எம். 5710 படிவம், வேலை வகையில் ஓப்பன் வொர்க் பெர்மிட். ஏ.ஓ.ஆர்., பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்கள், இப்போதைய பெர்மிட், புகைப்படம், ஒரு பக்க விளக்கக் கடிதம். கட்டணம் 155 டாலரும் ஓப்பன் பெர்மிட்டுக்கான 100 டாலரும் சேர்த்து 255. அந்த 100 டாலரைத் தவறவிட்டு 155 மட்டும் கட்டி, விண்ணப்பம் திரும்பி வருகிற கொடுமையும் நடக்கிறது. திரும்பி வரும்போது பெர்மிட் தேதி தாண்டியிருந்தால், நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் கணக்கு. பிரிட்ஜிங் பெர்மிட் பி.ஆர். விண்ணப்பத்தின் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டுமே. கணவரோ மனைவியோ கூடவே காத்திருந்தால் அவருடைய பெர்மிட்டுக்கு வழி தனி, தேதியும் தனி.

பழைய பெர்மிட் முடிவதற்குள் இந்த விண்ணப்பம் உள்ளே போய்விட்டால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட்டின் அதே நிபந்தனைகளோடு வேலையைத் தொடரலாம். முன்பு இம்ப்ளைட் ஸ்டேட்டஸ் என்றார்கள், இப்போது மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ். நிபந்தனை என்றால் பெர்மிட்டில் உள்ள எல்லாம். மருத்துவப் பரிசோதனை செய்யாமல் வாங்கிய பெர்மிட்டில் குழந்தைகள் காப்பகம், பள்ளி, மருத்துவத் துறையில் வேலை கூடாது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியும் கூடவே தொடரும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: தங்குவதற்கான தொடர்ச்சி வேறு, வேலைக்கான தொடர்ச்சி வேறு. வேலை தொடர வேண்டுமானால் நீங்கள் போட்டது வொர்க் பெர்மிட் விண்ணப்பமாக இருக்க வேண்டும். பெர்மிட் முடியும் முன் விசிட்டர் ரெக்கார்டோ (வருகையாளராகத் தங்கும் அனுமதி) ஸ்டடி பெர்மிட்டோ கேட்டு விண்ணப்பித்தால் கனடாவில் தங்கலாம். வேலை மட்டும் பழைய பெர்மிட் முடிந்த அன்றே நிற்க வேண்டும். கடைசி இரவுவரை இழுக்கவும் வேண்டாம். கெடுவைக் கணக்கிடும் உலகப் பொது நேரப்படி நாள் மாறுவது கோடையில் டொராண்டோவில் இரவு எட்டு மணிக்கே. சர்வர் படுத்துக்கொள்வதும் அப்படிப்பட்ட இரவுகளில்தான்.

இப்போது ஒரு எச்சரிக்கை, இதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். ஐ.டி.ஏ. வராத நிலையில், "சும்மா ஒரு பிரிட்ஜிங் பெர்மிட் போட்டு வை, முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வேலை செய்யலாம்" என்று சில ஏஜென்ட்டுகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏ.ஓ.ஆர். இல்லாமல் போடும் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நிராகரித்த அன்றே வேலை உரிமையும் ஸ்டேட்டஸும் போய்விடும். நடுவில் ஐ.டி.ஏ. வந்து, ஏ.ஓ.ஆரோடு இரண்டாவது விண்ணப்பம் போட்டிருந்தால் அது காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். பழைய பெர்மிட் முடிந்தபின், முதல் விண்ணப்பத்தின் நிழலில் இருந்துகொண்டு போட்ட இரண்டாவது விண்ணப்பத்துக்குத் தனியாக ஸ்டேட்டஸ் கிடையாது என்று கனடாவின் குடியேற்றத் துறையான ஐ.ஆர்.சி.சி. 2025இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலாவது விழுந்தால் இரண்டாவதும் அதோடு விழும். தகுதி இல்லை என்று தெரிந்தே போட்ட தாள் உங்கள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் நான்கு மாதத்துக்குள் ஐ.டி.ஏ. வரவில்லை என்றால்? வழிகள் குறைவு, ஆனால் இருக்கின்றன.

முதலில் மாகாண நாமினேஷன், அதாவது மாகாண அரசே உங்களைப் பி.ஆருக்குப் பரிந்துரைப்பது. கிடைத்தால், பி.ஆர். கோப்பு போடுவதற்கு முன்பே, மாகாணத்தின் ஆதரவுக் கடிதத்தோடு அந்த நிறுவனத்துக்கு மட்டுமான பெர்மிட் கேட்கலாம், எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க நிறுவனம் வாங்கும் தொழிலாளர் சந்தை மதிப்பீடு) தேவையில்லை.

இரண்டாவது எல்.எம்.ஐ.ஏ. உங்கள் நிறுவனம் ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டி, கனடாவில் ஆள் தேடியும் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல், மாகாணத்தின் நடுத்தரக் கூலியைவிட 20 சதவீதம் கூடுதலாகவாவது சம்பளம் இருந்தால்தான் உயர்கூலிப் பிரிவு. அதற்குக் கீழே என்றால், வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரப் பகுதிகளில் பெரும்பாலான விண்ணப்பங்களை எடுத்துக்கொள்வதே இல்லை. அந்த 1,000 டாலரை உங்களிடம் வசூலிப்பது சட்டவிரோதம். "எல்.எம்.ஐ.ஏ. விற்பனைக்கு" என்று இருபதாயிரம், முப்பதாயிரம் கேட்பவர்களிடம் ஊரில் நிலத்தை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. 2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கூடுதல் புள்ளியே கிடையாது. பணம் கொடுத்து வாங்குவது பொய்யான வேலை. பிடிபட்டால் தவறான தகவல் கொடுத்ததாக ஐந்து வருடத் தடை.

மூன்றாவது வழியை நம் ஆட்கள் அதிகம் யோசிப்பதில்லை: பிரெஞ்சு. கியூபெக்குக்கு வெளியே உள்ள நிறுவனம் ஒன்று உங்களை எடுக்கத் தயாராக இருந்து, பேசுவதிலும் கேட்பதிலும் பிரெஞ்சுத் திறனை அளக்கும் என்.சி.எல்.சி. அளவில் 5ஆம் நிலை இருந்தால், பிராங்கோஃபோன் மொபிலிட்டி வழியில் எல்.எம்.ஐ.ஏ. இல்லாமலே பெர்மிட் கிடைக்கும். செய்யும் வேலை பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. நிறுவனம் 230 டாலர் கட்டி இணையத்தில் வேலை வாய்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். நான்கு மாதத்தில் புதிதாகத் தொடங்கி அந்த நிலையைப் பிடிப்பது கடினம்தான். ஆனால் இப்போது முதல் செமஸ்டரில் இருப்பவருக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

எதுவும் அமையாவிட்டால், பெர்மிட் முடிவதற்குள் விசிட்டர் ரெக்கார்ட் கேட்டு, வேலையை நிறுத்திவிட்டு, முறையாகக் காத்திருங்கள். சேர்த்த அனுபவம் எங்கும் போகாது, மூன்று வருடத்துக்குள் எண்ணப்படும். பெர்மிட் முடிந்த 90 நாளுக்குள் ஏ.ஓ.ஆர். வந்துவிட்டால், இழந்த ஸ்டேட்டஸை மீட்கும் ரெஸ்டோரேஷன் கட்டணத்தோடு பிரிட்ஜிங் பெர்மிட்டும் கேட்க முடியும். ஆனால் அது அங்கீகரிக்கப்படும்வரை ஒரு மணி நேரம்கூட வேலை கூடாது, காசாகக் கையில் வாங்கும் வேலை உட்பட. அனுமதியில்லா வேலை தெரிய வந்தால் புதிய வொர்க் பெர்மிட்டுக்கும் தடை வரும், பி.ஆர். கோப்பும் ஆட்டம் காணும். இரண்டு மாதச் சம்பளம் அதற்கு ஈடாகாது.

மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸில் இருக்கும்போது ஊருக்குப் போகாதீர்கள். கல்யாணம், காரியம் என்று அழைப்பு வரத்தான் செய்யும், அந்த நெருக்கடி புரிகிறது. ஆனால் எல்லையைத் தாண்டிய நொடியில் பழைய பெர்மிட்டின் பேரில் வேலை செய்யும் உரிமை அறுந்துவிடும். விசா இருந்து திரும்பி நுழைய முடிந்தாலும், புதிய பெர்மிட் வரும்வரை வேலை செய்ய முடியாது. முன்பு அமெரிக்க எல்லைவரை போய்த் திரும்பி, அங்கேயே பெர்மிட் வாங்கி வந்தார்கள். 2024 டிசம்பர் 23 முதல் அந்த வழியையும் மூடிவிட்டார்கள். போயே ஆக வேண்டும் என்றால் புதிய பெர்மிட் கைக்கு வந்தபின் போங்கள்.

அலுவலக எச்.ஆர். பிரச்சினை தனி. பெர்மிட் தேதி முடிந்ததும் அவர்களுடைய கணினி உங்களை நிறுத்தச் சொல்லும். அதற்கு இரண்டு வாரம் முன்பே நீங்களே போய்ப் பேசுங்கள். கொடுக்க வேண்டியவை: விண்ணப்பம் கிடைத்ததற்கான உறுதிச் செய்தி, கட்டண ரசீது, ஐ.ஆர்.சி.சி. கணக்கில் வரும் வேலை தொடரலாம் என்ற கடிதம், இந்த விதியை விளக்கும் ஐ.ஆர்.சி.சி. இணையப் பக்கத்தின் அச்சு. அந்தக் கடிதத்திலும் ஒரு தேதி போட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டியும் முடிவு வராவிட்டால் வேலை உரிமை போய்விடாது, முடிவு வரும் நாள்வரை இருக்கும். எச்.ஆர். இதைத்தான் பெரும்பாலும் தவறாகப் படிக்கிறார்கள்.

உங்கள் சின் எண் (சமூகக் காப்பீட்டு எண்) 9இல் தொடங்கும், அதற்கும் பெர்மிட் தேதியேதான் காலாவதி. பிரிட்ஜிங் பெர்மிட் வந்ததும் சர்வீஸ் கனடாவில் அதே எண்ணின் தேதியைப் புதுப்பியுங்கள். ஒன்டாரியோ மருத்துவக் காப்பீடான ஓ.எச்.ஐ.பி. அட்டையின் தேதியையும் பாருங்கள், அதுவும் பெர்மிட்டைச் சார்ந்ததுதான். பிரிட்ஜிங் பெர்மிட் அதிகபட்சம் 24 மாதம், அங்கேயும் பாஸ்போர்ட் தேதிதான் எல்லை. பி.ஆர். உறுதிச் சான்று கணக்கில் வந்த நாளோடு பெர்மிட் கணக்கே முடிந்தது. அந்தச் சான்றைக் கொண்டுபோய், 9இல் தொடங்காத புதிய சின் எண்ணை வாங்கி, அதை அலுவலகத்திலும் வங்கியிலும் வருமான வரித் துறையிலும் மாற்றிவிடுங்கள்.